காதர் பாய் ஓட்ட வேண்டிய லாரி

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதும்படி செயலாளர் கேட்டார். "இத்தனை வருஷத்துல எத்தனையோ வண்டி பார்த்திருப்பீங்க. ஒண்ணைப் பத்தி எழுதுங்க, போதும்" என்றார். ஒன்று என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது வசதியுள்ளவர்கள் பழைய ராணுவ வண்டிகளை வாங்கிப் பளபளப்பாக்கி ஊர்வலம் விடுகிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறேன். காட்டூரில் என் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமரத்தடியில், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ராணுவ லாரிக்கு உயிர் கொடுத்தது அழகுக்காக இல்லை. வேலை போன டிரைவர் காதர் பாய் மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அதற்காக மட்டும்தான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் அந்தோணி. ஏழாம் வகுப்போடு திருச்சிப் பாலக்கரையை விட்டு ஓடியவன். கூட்ஸ் வண்டியிலும் லாரி மேலேயுமாக நாக்பூர் வரை போனேன். கரி அள்ளினேன், ஓட்டலில் தட்டுக் கழுவினேன், ஒரு மழைக்காலம் முழுவதும் ரயிலடியில் படுத்தேன். உலகப் போரின் கடைசி வருஷத்தில் புனாவுக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ வண்டி டிப்போவில் கூலியாகச் சேர்ந்து, சக்கரம் கழற்றுகிற ஆளானேன். நான் உருப்படியாகப் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

அங்கே சக்கரப் பிரிவுக்கு ஒரு ஹவில்தார் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் கேட்கும். அந்த லாரிகளின் சக்கரம் நம் பஸ் சக்கரம் மாதிரி இருக்காது. இரண்டு பாதி ரிம்களை எதிரெதிராக வைத்து, சுற்றிலும் நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஆக, ஒரு சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள். உள் வட்டத்தைக் கழற்றினால் சக்கரம் அச்சிலிருந்து வரும். வெளி வட்டம் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது. டயரில் காற்று இருக்கும்போது அந்த வெளி வட்டத்தைக் கழற்றினால், பாதி ரிம் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதனால் வெளி வட்டத்து நட்டுகளுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். ஹவில்தார் தினமும் காலையில் புது ஆட்களின் கையைப் பிடித்துச் சிவப்பு நட்டின் மேல் வைப்பார். "நஹீ", அதாவது கூடாது, என்று நாங்கள் சொன்னால்தான் கையை விடுவார். மூன்று மாதத்தில், சிவப்பைக் கண்டாலே என் கை தானாகப் பின்வாங்கக் கற்றுக்கொண்டது.

போர் முடிந்தபின் இன்னும் பல ஊர்கள் சுற்றி, ஐம்பதுகளின் நடுவில் திருச்சிக்கே திரும்பி ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் பிட்டராகச் சேர்ந்தேன். அங்கேதான் காதர் பாய் பழக்கமானார். போரின்போது பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டியவர். பிறகு ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர். முசிறி ரோட்டில் ஒரு நாள் அவர் பஸ் பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. ஓர் அம்மாளுக்குக் கால் போயிற்று. பிரேக் பிடிக்கவில்லை என்று பாய் சொன்னார். ஆனால் பஸ்ஸைக் கம்பெனி ஷெட்டுக்கு இழுத்து வந்தபின், மறுநாள் மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து மிதித்துப் பார்த்தபோது பிரேக் பிடித்தது. நடுவில் யாரோ இரவோடிரவாக ஸ்பேனர் போட்டுச் சரிசெய்திருந்தார்கள். ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பிரேக் சரியாக உள்ளது" என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். லைசென்ஸ் தப்பியது, வேலை போனது. அதன்பின் திருச்சியில் எந்த முதலாளியும் பாய் கையில் சாவி கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் பாலக்கரையில் மச்சான் மரக்கடையில் உட்கார்ந்து பலகை அளந்தார்.

அவர் மனைவி ஜுலேகா ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அண்ணே, இவரு தூக்கத்துல வலது காலைக் கட்டில் சட்டத்துல ஊனி அமுக்குறாரு. கட்டிலே நகருது. இவருக்கு ஒரு வண்டி வேணும்ணே. இல்லாட்டி ஆளு போயிருவாரு."

வண்டியைக் கண்டுபிடித்தவரும் பாய்தான். புதுக்கோட்டை ரோட்டில் ஒரு கல் குவாரியில், போருக்குப் பின் ஏலத்தில் வந்த டிஸ்போசல் லாரி ஒன்று முள்ளுக்குள் கிடந்தது. பர்மாவில் அவர் ஓட்டிய அதே ஜாதி. மூக்கு சப்பையாக, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோடு. நாங்கள் மூவரும் சேர்ந்து அதை வாங்கினோம். நான்கு ஜோடி மாடு கட்டித்தான் காட்டூர் வரை இழுத்து வர முடிந்தது. வழியெல்லாம் சிரிப்பு. "பாய், கன்னுக்குட்டியும் சேர்த்து வாங்கினீங்களா?" என்று ஒருவன் கத்தினான். பாய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார்.

மூன்றாவது ஆள் ரங்காச்சாரி. ஸ்ரீரங்கத்துக்காரன், பொன்மலை ரயில்வே பட்டறையில் டர்னர். நூலிழை அளவு பிசகினாலும் தூக்கம் வராத ஆள். ஞாயிறு காலையில் நெற்றியில் நாமத்தோடு சைக்கிளில் வருவான், சட்டையை வேப்பங்கிளையில் மாட்டுவான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவான். சாயங்காலம் என் வீட்டுக் கிணற்றில் நாலு வாளி தலையில் ஊற்றிக்கொண்டுதான் கிளம்புவான்.

"ஆத்துல அம்மா மோந்து பாக்கறாடா. கிரீஸ் நாத்தம் வந்தா உள்ள விடமாட்டா" என்பான்.

"எங்க வீட்ல கிரீஸ் வாசம் வரலேன்னாத்தான் உள்ள விடமாட்டாங்க" என்றார் பாய். "வேலைக்குப் போனேனா, ஊர் சுத்தினேனான்னு கேப்பாங்க."

எட்டு மாதம் வேலை நடந்தது. இன்ஜினை இறக்கி, பிஸ்டன் வளையம் மாற்றி, ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைத்து, மரத்தளம் புதிதாகப் போட்டோம். மெட்ராஸ், சேலம் என்று டிஸ்போசல் சாமான் விற்கிற இடமெல்லாம் நான் அலைந்தேன். அலைவது எனக்குப் பழகிய வேலை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வண்டி தன் காலில் ஓடியது. பூஜை முடிந்த மறுநாளைக்கு மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் காட்ட நாள் வாங்கியிருந்தோம். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி ரோட்டில் லோடு ஏற்றலாம். பாயின் பஸ்ஸைப் பார்த்து, பிரேக் சரி என்று எழுதிய அதே இன்ஸ்பெக்டர்.

தப்பு நடந்தது அந்த வாரத்தில்தான். நான் வேலைக்குப் போயிருந்தபோது ரங்கா லீவு போட்டு வந்து வண்டிக்குப் பெயிண்ட் அடித்தான். சக்கரங்களைச் சுரண்டி, எல்லா நட்டுக்கும் வெள்ளிப் பெயிண்ட்.

"ஒண்ணு செவப்பா, ஒண்ணு துருவா, பாக்கவே சகிக்கலைடா. இப்போ பாரு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்றான்.

பாய் சக்கரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தோணி, செவப்பு எங்க?"

"நமக்குத் தெரியாதா பாய்? அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றேன். ஹவில்தார் இருந்திருந்தால் அந்தச் சொல்லுக்கே என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளியிருப்பார்.

ஆயுத பூஜை அன்று மூவரும் குடும்பத்தோடு கூடினோம். பட்டறைக்காரனுக்கு அந்த நாளில் மதம் கிடையாது. பொரி, கடலை, வாழைப்பழம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து பாய்தான் வண்டியை ஏற்றினார். ரங்கா வண்டி முழுவதும் சந்தனம் குங்குமம் வைத்தான். முன் சக்கரங்களில், துருத்திக்கொண்டு நிற்கிற உள் வட்டத்து நட்டு ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் பெரிதாகக் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். முன்பக்கம் இடது சக்கரம் சூடேறியது. பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பிரேக் லைனிங் உரசுகிறது, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். விடிந்தால் இன்ஸ்பெக்டர். ஜாக்கி வைத்துத் தூக்கினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கண்ணுக்கு முன்னால் உள் வட்டம் முழுக்கச் சிவப்பு, வெளி வட்டம் வெள்ளி. பத்து வருஷத்துக்கு மேல் பழகிய கை சிவப்பைத் தொடவில்லை. வெளி வட்டத்தில் ஸ்பேனரைப் போட்டது.

ஒன்று, இரண்டு என்று ஐந்து நட்டுகளைக் கழற்றிவிட்டேன். ஆறாவதைத் திருப்பும்போது ரிம்முக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பாய் வண்டியின் மூக்கைச் சுற்றி வந்தவர், கத்தவில்லை. இடது கையால் என் பனியனின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து எறிந்தார். நான் மல்லாந்து விழும்போது வெடித்தது. காட்டூர் முழுக்க அந்தச் சத்தம் கேட்டிருக்கும். பாதி ரிம் பறந்து கிணற்றடித் துவைக்கும் கல்லை இரண்டாகப் பிளந்து போட்டது. போகிற போக்கில் பாயின் இடது முன்கையை உரசிவிட்டுப் போயிருந்தது. உரசியதற்கே இரண்டு எலும்பும் முறிந்தது.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது. கியர் போடுகிற கை அது.

செய்தி எங்களுக்கு முன்னால் பாலக்கரை போய்ச் சேர்ந்தது. என்ன செய்தி? டீக்கடையில் என் காதுபடச் சொன்னார்கள்: "முதல்ல பஸ்ஸு, இப்ப லாரி. காதர் பாய் தொட்ட வண்டி எதுவும் சும்மா இருக்காதுப்பா." ஸ்பேனர் என் கையில் இருந்தது என்று நான் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அதையே மறுபடி பேசினார்கள்.

பாய் கட்டோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். "வித்துடுவோம் அந்தோணி" என்றார்.

ரங்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "நான் வெச்ச குங்குமம் பாய்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"உன் குங்குமம் நட்டு கழட்டல. நான் கழட்டினேன்" என்றேன்.

ரங்காவுக்கு ஒரு யோசனை இருந்தது. "வேற டிரைவர் யாரையாவது வெச்சுண்டு வண்டியைக் காட்டிடலாம். பாய் பேரே வர வேண்டாம். அந்த இன்ஸ்பெக்டர் பாயைப் பார்த்தாலே முடிஞ்சுது." அது தப்பில்லாத யோசனை. வண்டி பாஸ் ஆகிவிடும். ஆனால் பாய் அதில் ஒளிந்து ஒளிந்து ஏறுகிற ஆளாகிவிடுவார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டு இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். ரங்கா இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று நானே தமிழில் எழுதினேன். சக்கரம் வெடித்ததற்குக் காரணம் நான், காற்றை இறக்காமல் தவறான நட்டைக் கழற்றினேன், காதர் மொய்தீன் என்னைக் காப்பாற்றப்போய்க் கை முறிந்தது, குணமானதும் அவரே வண்டியை ஓட்டிவந்து காட்டுவார் என்று எழுதினேன். என் பெயர், வேலை செய்கிற ஒர்க்‌ஷாப் பெயர் எல்லாம் போட்டேன். முசிறி ரோட்டு விபத்தில் ஒருவன் இப்படி ஒரு தாளை எழுதியிருந்தால் போதும் என்பது மனதில் இருந்தது.

அந்த இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், சைக்கிளில்தான் வருவார், கால்சட்டையில் கிளிப்பு மாட்டியிருப்பார். யாரையும் அதட்டமாட்டார், யாரோடும் டீ குடிக்கமாட்டார். காதில் எப்போதும் ஒரு பென்சில். என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நீங்களே எழுதினதா?"

"ஆமா சார்."

"எழுத்துப் பிழை மூணு இருக்கு."

"ஏழாவது வரைக்கும்தான் சார் படிச்சேன்."

"விஷயத்துல?"

"விஷயத்துல பிழை இல்ல சார்."

பென்சிலை எடுத்துக் காதர் மொய்தீன் என்ற பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். "ஏழு வாரம் கழிச்சு வாங்க. இவரே ஓட்டிட்டு வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

நான் எழுதியது என் ஒர்க்‌ஷாப் முதலாளி காதுக்கும் போயிற்று. காற்றை இறக்காமல் சக்கரம் கழற்றுகிறவன் தனக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் வேலை போனால் அன்று மாலையே நான் ஏதாவது ரயிலில் இருப்பேன். இந்தத் தடவை காட்டூருக்கு நடந்தேன். முதல் வேலையாக, வெடித்த சக்கரத்தின் இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி, நான்கு சக்கரத்திலும் வெளி வட்டத்துக்குச் சிவப்பு அடித்தேன். ஈரம் காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்த இடது பிரேக். ஏழு வாரமும் அதற்கே போயிற்று. லைனிங்கை மாற்றினேன், சூடு போகவில்லை. டிரம்மை உறையூரில் ஒரு லேத்தில் ரங்கா கடைந்து தந்தான், போகவில்லை. சக்கர சிலிண்டரைத் திறந்து ரப்பரை மாற்றினேன். கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், நாலு தடவை மிதித்தால் மறுபடி சக்கரம் இறுகிக்கொள்ளும். பாய் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மிதிச்சா போகுது, விட்டா திரும்பல" என்றார் ஒரு நாள். "பிடிச்சு வைக்கிறது லைனிங் இல்ல அந்தோணி. எண்ணெயை யாரோ உள்ள நிறுத்தி வைக்கிறாங்க."

சக்கரம் இறுகியிருக்கும்போதே காற்று எடுக்கிற திருகைத் திறந்தேன். எண்ணெய் பீய்ச்சியடித்தது, சக்கரம் உடனே லேசாகச் சுற்றியது. பாய் சொன்னது சரி. பிரேக் குழாயிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றினோம். வெளியே புதுசு மாதிரி இருந்தது. ரங்கா வாயில் வைத்து ஊதினான், காற்றுப் போனது. உறிஞ்சினான், வரவில்லை. போரிலிருந்து கிடந்த ரப்பர் உள்ளே உரிந்து, ஒரு நாக்கு மாதிரி தொங்கி, எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விடாமல் அடைத்திருந்தது.

"பெருமாளே! இந்தத் தம்மாத்தூண்டு நாக்குக்கா டிரம்மைக் கடைஞ்சேன்?" என்று ரங்கா எண்ணெயைத் துப்பினான். அந்த மரையில் புது ஹோஸ் கிடைக்கவில்லை. ஒரு ஜீப்பின் ஹோஸ் வாங்கி, அதற்குப் பொருந்தப் பித்தளையில் மரை வெட்டிக் கொடுத்தான். இரண்டு முன்சக்கரத்துக்கும் மாற்றினோம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வேகமாக வந்து கோட்டில் நிறுத்திப் பழகினேன். என்னிடம் கனரக லைசென்ஸ் இல்லை, அதனால் வீட்டு முன் மண்பாதையோடு சரி. கட்டுப் பிரித்த நாளில் பாய் ஏறினார். கை சுள்ளி மாதிரி மெலிந்திருந்தது. முதல் கியர் போட மூன்று முறை முயன்றார். நாலாவது முறை விழுந்தது.

சோதனை காவிரிக் கரை ஏற்றத்தில். இன்ஸ்பெக்டர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை மூன்று சுற்று வந்தார். சிவப்பு நட்டில் நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு பாய்க்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் கீழே நின்றோம். ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார், ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் இறங்கிவந்து நான்கு டிரம்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று ஆறியிருந்தால் அது வேலை செய்யவில்லை, ஒன்று கொதித்தால் அது விடவில்லை. இடது முன்சக்கரத்தில் மட்டும் கையை அதிக நேரம் வைத்திருந்தார். ரங்கா வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தான்.

ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லி, கைப் பிரேக்கை மட்டும் போட்டு, கால் இரண்டையும் எடுக்கச் சொன்னார். பாய் எடுத்தார். வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் வெளியே எட்டிப் பார்த்து, "அந்த சைக்கிளைப் பின்னால ஏத்துங்க" என்று எங்களிடம் சொன்னார். "நான் போற வழியில இறங்கிக்கறேன்."

அவர் வீடு உறையூரில். கரையிலிருந்து மேற்கே போக வேண்டும்; பாலக்கரை அதற்கு எதிர்த் திசை. வண்டி ஊருக்குள் வந்ததும், "பாலக்கரை வழியா விடுங்க" என்றார். நானும் ரங்காவும் தளத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மரக்கடையைத் தாண்டினோம். டீக்கடையைத் தாண்டினோம். பேச்சு நின்று தலைகள் திரும்புவதைப் பார்த்தேன்.

பாய் வேலை பார்த்த பஸ் கம்பெனியின் ஷெட்டு வந்தது. "இங்க நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாயின் தலை லேசாகத் திரும்பியது தெரிந்தது. வண்டி வாசலுக்கு நேராக, கோடு போட்டது மாதிரி நின்றது. ஷெட்டுக்குள்ளிருந்து டிரைவர்களும் பிட்டர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளை முழங்கால் மேல் வைத்து, அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அவ்வளவு நிதானமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதி, ஊதிக் காயவைத்து, பாயிடம் கொடுத்தார்.

"பிரேக் சரியா இருக்குன்னு எழுதியிருக்கேன்" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு குரலை இறக்கி, "இந்தத் தடவை நானே பக்கத்துல உட்கார்ந்து பார்த்து எழுதினது" என்றார்.

பாய் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் இறங்கி, நாங்கள் இறக்கிக் கொடுத்த சைக்கிளில் ஏறி, வந்த வழியே உறையூர்ப் பக்கம் திரும்பினார். ஷெட்டு வாசலில் நின்ற ஒரு பழைய கண்டக்டர் மட்டும் கையைத் தூக்கி, "வண்டி ஜோரா இருக்கு பாய்!" என்றான்.

"ஓடறதுக்குத்தானே வண்டி" என்றார் காதர் பாய். மெலிந்த இடது கையால் கியரை அழுத்திப் போட்டார். முதல் முயற்சியிலேயே விழுந்தது.